சாசேஜை சுடுவதற்கு முன் தண்ணீரில் வேகவைக்கணுமா..? மேலே கருகி உள்ளே பச்சையாக இருப்பது ஏன்? - முழு விளக்கம்!

வெளியே பார்த்தால் நன்றாகச் சிவந்து, அங்கங்கே கருகி, சாப்பிடத் தயார் என்பது போல இருக்கும். கடித்துப் பார்த்தால் நடுவில் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று பச்சை இறைச்சி. கரி அடுப்பில் சாசேஜ் சுடுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இதுதான்.

இதற்கு பலரும் சொல்லும் தீர்வு, சுடுவதற்கு முன் சாசேஜை தண்ணீரில் பாதி வேகவைத்துக் கொள்வது. ஆங்கிலத்தில் இதை 'பார்பாயில்' என்கிறார்கள். நம்ம ஊர் புழுங்கல் அரிசிக்கும் ஆங்கிலத்தில் இதே வார்த்தைதான்! ஆனால், "அப்படிச் செய்தால் ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடும்" என்று கொதிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பக்கத்து பக்கத்து ஊர்க்காரர்களே இந்த விஷயத்தில் இரண்டு கட்சி.

உண்மையில் வேகவைக்க வேண்டுமா, வேண்டாமா? எந்த சாசேஜுக்கு தேவை, எதற்கு தேவையில்லை? எங்கே கவனமாக இருக்க வேண்டும்? இந்தத் தொகுப்பில் விரிவாகப் பார்க்கலாம்.

சாசேஜ் என்றால் என்ன? அதில் ஏன் கூடுதல் கவனம்?

இறைச்சியையும் கொழுப்பையும் அரைத்து, உப்பு, மசாலா சேர்த்து, குடல் தோலிலோ, கொலாஜன் என்ற புரதத்தில் செய்த உறையிலோ அடைத்தால் அதுதான் சாசேஜ். இதில் 'அரைத்து' என்பதுதான் முக்கியமான விஷயம்.

ஒரு முழு இறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டால், கிருமிகள் பெரும்பாலும் அதன் மேற்பரப்பில்தான் இருக்கும். அடுப்பில் வைத்ததும் மேற்பரப்பு சூடாகி, கிருமிகள் அழிந்துவிடும். ஆனால், அதே இறைச்சியை அரைக்கும்போது மேலே இருந்த கிருமிகள் உள்ளே, நடுப்பகுதி வரை கலந்துவிடுகின்றன. அதனால் சாசேஜின் மையம் வரை சூடு போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சி ஹாம்பர்கர்களைச் சாப்பிட்ட 700க்கும் மேற்பட்டோர் ஈ.கோலை கிருமியால் பாதிக்கப்பட்டனர். 4 குழந்தைகள் உயிரிழந்தனர். அதற்குப் பிறகுதான் அரைத்த இறைச்சியை எவ்வளவு வேகவைக்க வேண்டும் என்பதில் அந்நாட்டில் கெடுபிடி அதிகமானது.

எவ்வளவு சூடு வேண்டும்?

அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, பன்றி, மாடு, ஆடு ஆகியவற்றின் இறைச்சியில் செய்த பச்சை சாசேஜின் மையப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். கோழி, வான்கோழி சாசேஜ் என்றால் 74 டிகிரி. பிரிட்டனில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, 70 டிகிரியில் 2 நிமிடங்கள்.

2011ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் துறை, முழு பன்றி இறைச்சித் துண்டுகளுக்கான அளவை 63 டிகிரியாக, 3 நிமிடம் ஆறவிடும் நிபந்தனையோடு குறைத்தது. ஆனால் அரைத்த இறைச்சிக்கு மட்டும் 71 டிகிரியை அப்படியே வைத்துக்கொண்டது. காரணம், மேலே சொன்னதுதான். கிருமி உள்ளே வரை கலந்திருக்கும்.

நேரடியாகச் சுட்டால் என்ன பிரச்னை?

நல்ல கரித் தணலுக்கு மேலே உள்ள கம்பியின் வெப்பம் 250 டிகிரியைத் தாண்டலாம். சாசேஜின் தோல் சில நிமிடங்களிலேயே சிவந்துவிடும். ஆனால் இறைச்சி வழியாக சூடு மெதுவாகத்தான் உள்ளே போகும். 100 கிராம் எடையுள்ள தடிமனான சாசேஜ் என்றால், மையம் 71 டிகிரியை எட்டுவதற்குள் தோல் கருகிவிடும்.

இன்னொரு சிக்கல், கொழுப்பு. பன்றிக் கொழுப்பு 30 முதல் 40 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். தோல் வெடித்தால் உருகிய கொழுப்பு தணலில் சொட்டும். உடனே குபீரென்று தீ எழும். அந்தத் தீயும் புகையும் சாசேஜை மேலும் கருக்கும்.

தோல் ஏன் வெடிக்கிறது? சூடு பட்டதும் தோல் சுருங்கும். அதே நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறப் பார்க்கும். வெளியே இறுக்கம், உள்ளே அழுத்தம். அவ்ளோதான், 'டப்'!

முன்கூட்டியே வேகவைத்தால் என்ன நடக்கும்?

தண்ணீரின் வெப்பம் எவ்வளவு போனாலும் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் தோல் கருக வாய்ப்பே இல்லை. சாசேஜைச் சுற்றிலும் ஒரே அளவில் சூடு படுவதால் மையம் வரை சீராக வெந்துவிடும். இறைச்சிப் புரதம் இறுகி, உள்ளே இருக்கும் கொழுப்பையும் நீரையும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அடுப்பில் போட்டால், தோலைச் சிவக்க வைக்கும் வேலை மட்டும்தான் மிச்சம்.

சரி, அப்படியென்றால் தண்ணீரிலேயே முழுசாக வேகவைத்து சாப்பிட்டுவிடலாமே? சாப்பிடலாம். ஆனால் சுட்ட வாசனை வராது. இறைச்சி 140 டிகிரி அளவுக்குச் சூடாகும்போதுதான் அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து, அந்தப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மையார் 1912இல் விவரித்ததால் இதற்கு 'மையார் வினை' என்று பெயர். தோசை முறுகுவதும், ரொட்டி சிவப்பதும் இதே வினையால்தான். 100 டிகிரி தண்ணீரில் இது நடக்காது. அதனால்தான் தண்ணீர் முதலில், தணல் அடுத்து என இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள்.

விஸ்கான்சினில் என்ன சண்டை?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஏராளமான ஜெர்மானியர்கள் குடியேறினர். அவர்களோடு வந்ததுதான் 'பிராட்வர்ஸ்ட்' என்ற சாசேஜ். உள்ளூரில் செல்லமாக 'பிராட்'. பேஸ்பால் மைதானம், தேவாலய விழா, வீட்டுக் கொல்லைப்புறம் என எங்கு பார்த்தாலும் பிராட்தான். மில்வாக்கி நகர பேஸ்பால் மைதானத்தில், ஆட்டத்தின் நடுவே சாசேஜ் வேடம் போட்டவர்கள் ஓட்டப்பந்தயமே நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாநிலத்தில் பலரும், பீரும் வெங்காயமும் சேர்த்த பாத்திரத்தில் பிராட்டை முதலில் வேகவைத்து, பிறகு தணலில் சுடுவார்கள். அமெரிக்கா முழுவதும் 'பீர் பிராட்' என்று பிரபலமானது இந்த முறைதான்.

ஆனால், அதே மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக் கரையில் இருக்கும் ஷெபாய்கன் நகரத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 1953ஆம் ஆண்டிலிருந்து பிராட்டுக்கென்றே விழா நடத்தும் ஊர் அது. அங்கே பச்சை பிராட்டை நேரடியாகக் கரித் தணலில் வைத்து, அடிக்கடி திருப்பி, பொறுமையாகச் சுட வேண்டும். அதை 'கிரில்' என்றுகூட சொல்ல மாட்டார்கள், 'ஃப்ரை' என்றுதான் சொல்வார்கள். வெண்ணெய் தடவிய, மேலே மொறுமொறுப்பான ரொட்டியில் இரண்டு பிராட்டை வைத்துக் கொடுப்பது அந்த ஊர் பாணி. பீர், வெங்காயம், வெண்ணெய் கலந்த பாத்திரத்தை சிலர் அங்கும் வைத்திருப்பார்கள். ஆனால் அது சுடுவதற்கு முன்பு இல்லை, சுட்ட பிறகு பிராட்டை சூடாக வைத்திருப்பதற்கு!

அவர்களின் வாதம் எளிமையானது: முன்கூட்டியே வேகவைத்தால் உப்பும், மசாலாவும், இறைச்சிச் சாறும் பாத்திரத்தில் இறங்கிவிடும். பிறகு சுடுவது வெறும் சக்கைதான் என்கிறார்கள்.

இதில் யார் சொல்வது சரி?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சாசேஜை வேகவைத்த தண்ணீரை ருசி பார்த்தால் உப்பும் கொழுப்பும் தெரியும். அது சாசேஜிலிருந்து வந்ததுதான். அதிலும் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டால் இழப்பு இன்னும் அதிகம். மையம் 80 டிகிரியைத் தாண்டினால் புரதம் மேலும் இறுகி, பிடித்து வைத்திருந்த நீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும். சாப்பிட்டால் மண் மாதிரி உதிரும்.

அதே சமயம், ஷெபாய்கன் முறைக்குத் தணலைக் கட்டுப்படுத்தும் கைப்பழக்கம் வேண்டும். 20, 25 நிமிடங்கள் அடுப்பை விட்டு நகராமல் நிற்க வேண்டும். விருந்துக்கு 30, 40 பேர் வரும்போது, அடுப்பும் புதுசு என்றால், வேகவைத்துச் சுடுவதே பத்திரமான வழி.

ஜெர்மனியில் எப்படி?

பிராட்வர்ஸ்டின் தாய்வீடான ஜெர்மனியில் இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் கறிக்கடையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே சாசேஜை மூன்று பெரிய வகைகளாகப் பிரிக்கிறார்கள். வேகவைக்காமல் பதப்படுத்துவது ஒரு வகை. தயாரிக்கும்போதே சுடுநீரில் பதமாக வேகவைப்பது இரண்டாவது வகை. முன்பே வெந்த பொருட்களைச் சேர்த்துச் செய்து மீண்டும் வேகவைப்பது மூன்றாவது வகை. பிராட்வர்ஸ்டும் கடையில் பச்சையாகவும் கிடைக்கும், ஏற்கெனவே சுடுநீரில் வெந்ததாகவும் கிடைக்கும். வெந்ததை வாங்கினால் வீட்டில் சிவக்கச் சுட்டால் போதும்.

நியூரம்பெர்க் நகரத்தின் புகழ்பெற்ற சாசேஜ் 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளம்தான், நம் விரல் அளவு. எடை 20 முதல் 25 கிராம். இவ்வளவு மெல்லியதாக இருந்தால் தணலில் சீக்கிரமே உள்ளே வரை வெந்துவிடும். வீட்டில் வேகவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. துரிங்கியா மாநிலத்து சாசேஜ் குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்கும். அதைப் பற்றிய எழுத்துப் பதிவு 1404ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. அதையும் கரித் தணலில்தான் சுடுவார்கள்.

இதற்கு நேர்மாறானது மியூனிக் நகரத்தின் 'வைஸ்வர்ஸ்ட்' என்ற வெள்ளை சாசேஜ். கன்றுக்குட்டி இறைச்சியில் செய்யும் இதைச் சுடவே மாட்டார்கள். கொதிக்காத சுடுநீரில் சூடாக்கி, இனிப்புக் கடுகு விழுதோடு பரிமாறுவார்கள். தண்ணீர் கொதித்தால் தோல் வெடித்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

வேகவைத்துச் சுடுவது எப்படி? படிப்படியாக...

1. சாசேஜ் உறைந்திருந்தால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுசாக இளக விடுங்கள். வெளியே மேஜையில் மணிக்கணக்கில் வைக்க வேண்டாம்.

2. அகலமான பாத்திரத்தில் சாசேஜ் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் உப்பு சேருங்கள். தண்ணீரில் உப்பு இருந்தால் சாசேஜிலிருந்து உப்பு இறங்குவது குறையும். வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை போடலாம். தண்ணீருக்குப் பதில் கோழி எலும்பு சூப்பும் பயன்படுத்தலாம்.

3. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாசேஜைப் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். கொதிக்கும் நீரில் திடீரெனப் போட்டால் தோல் சுருங்கி வெடிக்கும்.

4. 75 முதல் 82 டிகிரிக்குள் வைத்திருங்கள். பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்ன குமிழ்கள் வரும், ஆனால் தளதளவென்று கொதிக்காது. அதுதான் பதம்.

5. 100 கிராம் அளவுள்ள சாசேஜுக்கு இந்தச் சூட்டில் சுமார் 10 முதல் 15 நிமிடங்கள் போதும். தடிமனைப் பொறுத்து நேரம் மாறும்.

6. வெளியே எடுத்து, சுத்தமான துணியிலோ டிஷ்யூ பேப்பரிலோ ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரமாக இருந்தால், அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரை தோல் சிவக்காது.

7. உடனே மிதமான தணலில் போட்டு, 5 நிமிடங்கள் போலத் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். பச்சை சாசேஜைத் தொட்ட இடுக்கியையும் தட்டையும் கழுவிவிட்டு, அல்லது வேறு எடுத்து, வெந்ததைக் கையாளுங்கள்.

8. இறைச்சி தெர்மாமீட்டரை சாசேஜின் பக்கவாட்டில் குத்தாமல், ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் நடுப்பகுதி வரை செருகிப் பாருங்கள். 71 டிகிரி, கோழி என்றால் 74 டிகிரி இருந்தால் இறக்கலாம்.

நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணலாமா?

கூடாது. நைட்ரைட் சேர்த்த சாசேஜ் முழுசாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். இன்னொரு பக்கம், அரைத்த மாட்டிறைச்சி பாதுகாப்பான சூட்டை எட்டும் முன்பே பழுப்பு நிறத்துக்கு மாறிவிடக்கூடும். அதனால் கண்ணை நம்ப வேண்டாம், தெர்மாமீட்டரை நம்பலாம்.

முதல் நாளே வேகவைத்து வைத்துக்கொள்ளலாமா?

பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். "காலையிலேயே பாதி வேகவைத்துவிட்டால் சாயங்காலம் ஈஸி" என்று நினைப்பார்கள். இது ஆபத்து. பாதி வெந்த இறைச்சியில் கிருமிகள் முழுசாக அழிந்திருக்காது. ஆனால் இறைச்சி வெதுவெதுப்பாக இருக்கும். கிருமிகள் பெருகுவதற்கு அதுதான் தோதான சூழல்.

4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையை 'ஆபத்து மண்டலம்' என்கிறது அமெரிக்க வேளாண் துறை. இந்தச் சூட்டில் உணவு 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான் கணக்கு. நம்ம ஊரில் பல மாதங்களுக்கு இந்த 1 மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

அதனால் பாதி வேகவைத்தால் உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். முன்கூட்டியே செய்துவைக்க விரும்பினால், தண்ணீரிலேயே 71 அல்லது 74 டிகிரி வரை முழுசாக வேகவைத்து, சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். பிறகு எடுத்துச் சுடும்போது உள்ளே வரை சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த சாசேஜுக்கு வேகவைக்கத் தேவையில்லை?

ஹாட் டாக்கில் வைக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டர் போன்றவை தொழிற்சாலையிலேயே வெந்துதான் வருகின்றன. இவற்றை மீண்டும் தண்ணீரில் வேகவைப்பது ருசியை இழப்பதற்குத்தான் வழி. நேரடியாகச் சூடாக்கிச் சிவக்க வைத்தால் போதும். விரல் அளவு மெல்லிய சாசேஜ்களுக்கும் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவின் 'பூர்வோர்ஸ்' என்ற சுருள் சாசேஜையும் பச்சையாகவே தணலில் வைத்துத்தான் சுடுவார்கள்.

இந்தியாவில் கோவாவின் 'சோரிசோ' வேறு ரகம். பன்றி இறைச்சியை மிளகாய், பூண்டு, வினிகரில் ஊறவைத்து, அடைத்து, உலர்த்துவது அது. பச்சையாகப் பதப்படுத்தியது என்பதால் கட்டாயம் சமைக்க வேண்டும். அதை பெரும்பாலும் வெங்காயத்தோடு கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து, பாவ் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். வேகவைத்த தண்ணீரும் குழம்பாகத் தட்டுக்கே வந்துவிடுவதால் ருசி எங்கும் போகாது.

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் சிக்கன் சாசேஜ் வாங்குபவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. ஏற்கெனவே வெந்ததா, பச்சையா என்பதைப் பொறுத்து சமையல் முறை மாறும். எதுவும் புரியவில்லை என்றால், பச்சை என்றே நினைத்து 74 டிகிரி வரை வேகவைப்பது பாதுகாப்பு.

வேகவைக்காமல் சுட வேறு வழி இருக்கா?

இருக்கு. தணலை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுங்கள். தணல் இல்லாத பக்கத்தில் சாசேஜை வைத்து மூடி போட்டால், சூடான காற்றிலேயே மெதுவாக வேகும். மையம் 65 டிகிரி அளவுக்கு வந்ததும் தணல் பக்கம் நகர்த்தி, 71 டிகிரி வரை சுடலாம். கொழுப்பு தணலில் சொட்டாது, தீயும் எழாது, சாறும் உள்ளேயே இருக்கும். மூடியுள்ள அடுப்பு இருப்பவர்களுக்கு இது தண்ணீர் முறையைவிட நல்ல வழி.

முள்கரண்டியால் குத்தி ஓட்டை போட்டால் வெடிக்காதே என்று கேட்கலாம். வெடிப்பது குறையலாம். ஆனால் அந்த ஓட்டைகள் வழியாகவே சாறும் கொழுப்பும் வெளியேறி, தணலில் சொட்டித் தீயைக் கிளப்பும்.

பீரில் வேகவைத்தால் ஆல்கஹால் போய்விடுமா?

முழுசாகப் போகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, உணவோடு கலந்து 30 நிமிடங்கள் சூடேற்றிய பிறகும் சுமார் 35 சதவீத ஆல்கஹால் மிச்சம் இருக்கும். எனவே ஆல்கஹாலைத் தவிர்ப்பவர்கள், குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் சூப்பையோ உப்புத் தண்ணீரையோ பயன்படுத்துவதே சரி.

வேகவைத்தால் உடம்புக்கு நல்லதா?

ஒரு விதத்தில் நன்மை உண்டு. இறைச்சி அதிக வெப்பத்தில் கருகும்போதும், கொழுப்பு தணலில் சொட்டிப் புகையும்போதும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சில வேதிப்பொருட்கள் உருவாகின்றன. முன்கூட்டியே வேகவைத்தால் தணலில் இருக்கும் நேரம் குறையும், அந்தப் பொருட்கள் உருவாவதும் குறையும்.

அதற்காக சாசேஜ் ஆரோக்கிய உணவாகிவிடாது. பதப்படுத்திய இறைச்சியை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் 2015இல் சேர்த்தது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்றும் அது கூறியது. உப்பும் கொழுப்பும் தனிக் கணக்கு. எப்போதாவது சாப்பிடுவதற்கும் தினசரி சாப்பிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சுருக்கமாக...

* தடிமனான பச்சை சாசேஜ், அனல் பறக்கும் தணல், நிறைய பேருக்கு சமையல் என்றால் வேகவைத்துச் சுடுவது நல்லது.

* மெல்லிய சாசேஜ், ஏற்கெனவே வெந்த சாசேஜ் என்றால் தேவையில்லை.

* கொதிக்க விடக்கூடாது. சின்னக் குமிழ் வரும் சூடு போதும்.

* பாதி வேகவைத்து எடுத்து வைக்கவே கூடாது. வேகவைத்த கையோடு சுட வேண்டும்.

* 71 டிகிரி, கோழிக்கு 74 டிகிரி. தண்ணீரா, தணலா என்பது அவரவர் விருப்பம். இந்த எண்ணில் மட்டும் சமரசம் வேண்டாம்!